பேரம் பேசாத பெரிய ஆர்டர்

“வணக்கம். உங்கள் பொருள்களை மொத்தமாக வாங்க விரும்புகிறேன். விலைப் பட்டியலை அனுப்புங்கள். கிரெடிட் கார்டு ஏற்றுக்கொள்வீர்களா? பொருளை எடுக்க என் லோரியே வரும்.”

மலாயிலோ ஆங்கிலத்திலோ இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் இன்னொரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். என்ன பொருள் வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. முறுக்கு சுட்டு விற்பவருக்கும் இது பொருந்தும், டயர் கடைக்காரருக்கும் பொருந்தும், பூச்செடி வளர்ப்பவருக்கும் பொருந்தும். ஒரே கடிதத்தை ஆயிரம் பேருக்கு அனுப்ப வேண்டுமென்றால் இப்படித்தானே எழுத முடியும்? அனுப்பியவருக்கு உங்கள் முறுக்கு தேவையில்லை. யார் பதில் போடுகிறார்கள் என்று தெரிந்தால் அவருக்குப் போதும்.

இந்தக் கடிதம் தேடுகிற ஆள்கள் நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நிறையவே இருக்கிறார்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது. பிறகு பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று ஒரு காலத்தில் தோட்டத்தின் பெயரைச் சொல்லித் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் காலி பக்கமுள்ள தாமான்களில் இருக்கிறார்கள். தொழிற்சாலை வேலைக்குப் போனவர்கள் போக, மற்றவர்கள் சொந்தக் காலில் நிற்கப் பார்த்தார்கள். கேட்டரிங், பூமாலை, தையல், பந்தல் நாற்காலி வாடகை, புல்வெட்டும் குத்தகை, லோரி, கார் பட்டறை, தீபாவளிப் பலகாரம் என்று தொழில்கள் கிளைத்தன. தெக்குனின் ஸ்பூமி கடனும், பெண்களுக்கென அமானா இக்தியார் கொண்டுவந்த ‘பெண்’ திட்டமும் சிலருக்குக் கைகொடுத்தன. பலருக்கு முதல் என்பது சேமநிதிப் பணம், இல்லையென்றால் அடகுக் கடையில் இருக்கும் வளையல்.

ஆகவே இங்கே ஒரு வியாபாரி ஐயாயிரம் வெள்ளியை இழந்தால் அது கணக்குப் புத்தகத்தில் எழுதித் தள்ளுகிற நஷ்டமாக இருக்காது. அடுத்த மாதம் மாவும் எண்ணெயும் வாங்கக் கையில் காசு இருக்காது. கேஸ் தோம்பு வாங்கக் கடன் சொல்ல வேண்டிவரும். ஐந்தாயிரத்துக்காகத் தொழிலையே மூடிவிட்டு மறுபடி சம்பள வேலைக்குப் போக வேண்டிய நிலைகூட வரலாம்.

கடனுக்குப் பொருள் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கடைகளில் ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சின்ன நோட்டுப் புத்தகம் இருந்ததை வயதானவர்கள் சொல்வார்கள். அரிசி, பருப்பு, சார்டின் டின், பால் டின் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கணக்கு தீரும், அல்லது பாதி தீரும். கடைக்காரர் அவ்வளவு தைரியமாகக் கடன் கொடுத்ததற்குக் காரணம் தாராள மனம் மட்டுமில்லை. வாங்கியவரின் லயம் எது, வீடு எத்தனையாவது, அவர் எந்த மண்டோர் கீழ் பால் வெட்டுகிறார், மாமியார் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கடனுக்கு அந்த அறிமுகமே ஈடு. மின்னஞ்சலில் ஆர்டர் கொடுப்பவரிடம் இது எதுவுமே கிடையாது. ஆனால் நம் கை மட்டும் பழைய 555 பழக்கத்திலேயே நீண்டுவிடுகிறது.

இந்த மோசடிக்குப் பல வேடங்கள் உண்டு. இப்போது அதிகம் பேசப்படுவது, ஆர்டரோடு இன்னொரு பொருளைச் சேர்த்துக் கேட்பது. ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கேட்டரிங் செய்யும் ஒரு பெண்மணிக்குப் புலனத்திலோ மின்னஞ்சலிலோ தகவல் வருகிறது. ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்கிறார் ஒருவர். ‘காக்’ என்று மரியாதையாக அழைக்கிறார். 200 பொட்டலம் சாப்பாடு வேண்டும் என்கிறார். ஒன்று எட்டு வெள்ளி என்றால், சரி என்கிறார். மொத்தம் 1,600 வெள்ளி. அடையாள அட்டையின் படம், முத்திரை குத்திய கொள்முதல் ஆணை எல்லாம் வந்துவிடுகின்றன.

இரண்டு நாள் கழித்து அதே ஆள் கொஞ்சம் தயக்கத்தோடு ஓர் உதவி கேட்கிறார். முகாமுக்கு டின்னில் அடைத்த உணவு 100 பெட்டி அவசரமாக வேண்டுமாம். வழக்கமாகக் கொடுக்கும் கம்பெனியோடு ஏதோ தகராறாம். “நீங்கள் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால் ஒரே பில்லில் போட்டுவிடலாம். விற்பவரின் எண்ணை நானே தருகிறேன். அவரிடம் பெட்டி 70 வெள்ளி. எங்களுக்கு நீங்கள் 95 என்று போட்டுக்கொள்ளுங்கள்.” பெட்டிக்கு 25 வெள்ளி, நூறு பெட்டிக்கு 2,500 வெள்ளி லாபம். அடுப்பே பற்ற வைக்காமல்! அந்த எண்ணுக்கு அழைத்தால் எதிர்முனையில் ஒருவர் விலைப் பட்டியல் அனுப்புகிறார், சரக்கு இருக்கிறது, பாதிப் பணம் கட்டினால் நாளை காலையில் லோரி ஏற்றிவிடலாம் என்கிறார். 3,500 வெள்ளி போகிறது. மறுநாள் மீதிப் பாதியும் கேட்டால் அதுவும் போகிறது. அதன்பின் முகாம் ஆளும் எடுப்பதில்லை, டின் விற்பவரும் எடுப்பதில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். 200 பொட்டலத்துக்காக ஊற வைத்த அரிசியும் வெட்டி வைத்த கோழியும் வீட்டில் கிடக்கும்.

சாப்பாட்டு ஆர்டர் இங்கே தூண்டில் புழு. முள் இருப்பது டின் பெட்டியில். தனக்குத் தெரிந்த தொழிலில் வந்த ஆர்டரை அந்தப் பெண்மணி சந்தேகிக்கக் காரணமே இல்லை. அந்த நம்பிக்கை கெட்டியான பிறகுதான் தெரியாத பொருள் உள்ளே வருகிறது. யோசித்தால் கேள்வி எளிது: ராணுவத்துக்கு டின் உணவு விற்பவரின் எண் இவரிடமே இருக்கிறது. அப்புறம் நேராக வாங்காமல் கேட்டரிங் அக்கா எதற்கு நடுவில்? லாபக் கணக்கு மனதில் ஓடும்போது இந்தக் கேள்வி காதில் விழுவதில்லை.

இதே நாடகம் சிங்கப்பூரிலும் ஆடப்பட்டிருக்கிறது. ராணுவ வீரர்கள் என்று சொல்லிக்கொண்டு உணவுக் கடைகளில் மொத்த ஆர்டர் கொடுத்து, கூடவே வேறொரு விற்பனையாளரிடமிருந்து பொருள் வாங்கித் தரச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2025-இல் அங்குள்ள போலீஸ் வணிகர்களை எச்சரித்தது. அதே ஆண்டில் தென் கொரியாவிலும் ராணுவ வீரர், தேர்தல் பிரசாரக் குழு ஊழியர் என்ற வேடத்தில் உணவகங்களுக்கு அழைத்து, விலை உயர்ந்த மதுவை முன்பணம் கட்டி வாங்கி வைக்கச் சொன்ன வழக்குகள் வரிசையாக வந்தன. இந்தியாவில் வேடம் அதேதான், முடிவு வேறு. இனிப்புக் கடைக்கோ உணவகத்துக்கோ ராணுவ ஆள் போல் அழைத்து ஆர்டர் கொடுத்துவிட்டு, ‘பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்’ என்பார்கள். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அடித்தால் பணம் வராது, போய்விடும். நம் டியூட்நவ் கியூஆரிலும் சங்கதி ஒன்றுதான். பணம் பெறுகிறவர் தன் குறியீட்டைக் காட்டுவார். ஸ்கேன் செய்வது கொடுக்கிறவர் வேலை.

அடுத்தது காசோலை. இது பழைய வித்தை. பந்தல், நாற்காலி, தளவாடம் விற்பவர்கள் இதைக் கொஞ்சம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் உங்கள் கணக்கில் காசோலை போட்டுவிட்டதாக இயந்திரச் சீட்டின் படம் வருகிறது. நீங்கள் கேட்டது 2,800. போட்டிருப்பதோ 8,200. கொஞ்ச நேரத்தில் அழைப்பு: “கணக்குப் பிரிவில் தவறுதலாக வேறு பில்லையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு வேலையே போய்விடும். மீதி 5,400-ஐ இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.” வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தால் தொகை ஏறியிருப்பது போலவே தெரியும். ஆனால் அங்கே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மொத்த இருப்பு, இன்னொன்று எடுக்கக்கூடிய இருப்பு. இரண்டாவதில் அந்தப் பணம் இருக்காது. காசோலை இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. அது திருட்டுக் காசோலையா, கணக்கில் காசில்லாத காசோலையா என்பது அடுத்த வேலை நாளில்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பிற்பகலை அவர்கள் தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே காரணம். சனி, ஞாயிறு இரண்டு நாள் அழுது புலம்ப அவகாசம் கிடைக்கிறது.

திருப்பிக் கொடுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் காசு நம்மிடம் தங்கக் கூடாது என்ற நாணயம்தான் அவர்களை அவசரப்படுத்துகிறது. மோசடிக்காரர் அந்த நாணயத்தையே பிடித்துத் தொங்குகிறார். நாணயத்துக்குப் பங்கம் வராத பதில் ஒன்று இருக்கிறது: “காசோலை தீர்ந்ததும் செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன்.” உண்மையிலேயே தவறிப் போட்டவர் காத்திருப்பார்.

கிரெடிட் கார்டு வேடத்தில் கதை நீளம், விஷயம் சின்னது. வாங்குபவர் அட்டை எண்ணை மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்புவார். அதில் கூடுதலாக ஒரு தொகையை எடுத்து, அட்டை வாங்காத தன் ‘சரக்கு ஏஜெண்டுக்கு’ அனுப்பிவிடச் சொல்வார். அட்டை யாரிடமிருந்தோ திருடப்பட்டது. உரியவர் வங்கியில் ஆட்சேபம் தெரிவிக்கப் பெரும்பாலும் 120 நாள்வரை அவகாசம் இருக்கிறது. நான்கு மாதம் கழித்துகூட வங்கி அந்தப் பணத்தை உங்கள் கணக்கிலிருந்து திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் சரக்கும் போயிருக்கும், ஏஜெண்டுக்கு அனுப்பிய பணமும் போயிருக்கும். செக்கிஞ்சான், கோல சிலாங்கூர் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கு இதே கதை ‘இருபது பேர், ஐந்து நாள், சுற்றுலா ஏஜெண்டு கட்டணம்’ என்ற உருவில் வரலாம்.

இவற்றைவிடப் பெரிய தொகையைக் கொண்டுபோவது, பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரில் வரும் போலி கொள்முதல் ஆணை. 2014-இல் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றி விரிவாக வெளியிட்டது. நைஜீரியாவிலிருந்து இயங்கிய கும்பல்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயரில் மின்னஞ்சல் முகவரி, இணையப் பக்கம், கொள்முதல் ஆணை எல்லாம் அச்சு அசலாகத் தயாரித்து, மின்னணுப் பொருள் விற்பவர்களிடம் கடனுக்குச் சரக்கு வாங்கின. சுமார் 250 விற்பனையாளர்கள் குறிவைக்கப்பட்டார்கள். நஷ்டம் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர். சரக்கு நேராக நைஜீரியாவுக்குப் போகவில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு வீட்டு முகவரிக்குப் போனது. அந்த வீட்டுக்காரர் இணையத்தில் காதல் என்றோ வீட்டிலிருந்தே வேலை என்றோ ஏமாந்தவர். தான் எதற்குப் பொட்டலம் கட்டி அனுப்புகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. விற்றவர் மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் பில் அனுப்பியபோதுதான், அப்படி ஓர் ஆர்டரே இல்லை என்ற பதில் வந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், அதே எஃப்பிஐ மறுபடியும் ஓர் எச்சரிக்கை விட்டது. இந்தத் தடவை உண்மையான கம்பெனிகளின் முகவரிபோலவே தெரியும் மின்னஞ்சல்கள், போலியான கடன் தகுதிச் சான்றுகள், 30 நாள் அல்லது 60 நாள் தவணை. குறிவைக்கப்பட்ட சரக்குகள் கட்டுமானப் பொருள், விவசாயப் பொருள், கணினிச் சாதனம், சூரியசக்தித் தகடு. விவசாயப் பொருள் என்பதை நம் பக்கத்துக்குப் பெயர்த்தால் உரம், களைக்கொல்லி, தெளிப்பான். தஞ்சோங் காராங் வயலுக்கும் உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் சப்ளை செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு அமெரிக்கச் செய்தி என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

இந்த வேடம் எடுபடுவதற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணமும் உண்டு. பள்ளிக்கோ அரசாங்க அலுவலகத்துக்கோ சப்ளை செய்தவர்களுக்கு முறை தெரியும்: எல்.ஓ. கையில் வரும், பொருளைக் கொடுப்போம், பில் அனுப்புவோம், பணம் பிறகு வரும். அதனால் ‘முதலில் சரக்கு, பிறகு பணம்’ என்பது அவர்கள் காதுக்கு இயல்பாகவே ஒலிக்கிறது. பெஸ்தாரி ஜெயாவில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, சுற்றிலும் பள்ளிகள் இருக்கின்றன. ‘நாங்கள் இன்ன கல்லூரியின் கொள்முதல் பிரிவு’ என்றால் நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் அந்த முறையிலேயே ஒரு பூட்டும் இருக்கிறது. அரசாங்க அலுவலகமோ பள்ளியோ பொருள் வாங்கும்போது, உங்களை வேறொரு தனியார் கணக்குக்குப் பணம் கட்டச் சொல்வதில்லை. பதிவுக் கட்டணம், முன்வைப்பு, ‘ஃபைல் திறக்கும் செலவு’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும், உங்கள் பையிலிருந்து ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் போக வேண்டும் என்றவுடன் அந்த ஆர்டர் முடிந்தது.

சில கடிதங்கள் பணமே கேட்பதில்லை. ‘பர்ச்சேஸ் ஆர்டர் இணைப்பில் உள்ளது, பார்த்து விலை சொல்லவும்’ என்று மட்டும் இருக்கும். இணைப்பைத் திறந்தால் ஒன்றும் தெரியாது, அல்லது ஏதோ பிழைச் செய்தி வரும். அதற்குள் கணினியில் ஒற்றன் புகுந்துவிட்டான். 2020 நவம்பரில் இன்டர்போல் ‘ஆபரேஷன் ஃபால்கன்’ என்ற நடவடிக்கையில் லாகோஸ் நகரில் மூவர் கைதானதை அறிவித்தது. பொருள் வாங்க விசாரிப்பதுபோல் மின்னஞ்சல்களை மூட்டை மூட்டையாக அனுப்பி, ஏஜெண்ட் டெஸ்லா போன்ற உளவு நிரல்களைக் கணினிகளில் புகுத்திய கும்பல் அது. 2017 முதல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் ஐந்து லட்சம் அரசாங்க, தனியார் நிறுவனங்களுக்குள் ஊடுருவியதாகச் சொல்லப்பட்டது. உள்ளே நுழைந்த ஒற்றன் அவசரப்பட மாட்டான். நீங்கள் யாருக்கு எப்போது பில் அனுப்புகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் உங்கள் பெயரிலேயே உங்கள் வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் போகும்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது.’ இப்படி நிறுவன மின்னஞ்சலை வைத்து நடக்கும் மோசடியில் 2024-இல் மட்டும் எஃப்பிஐயிடம் புகாரான நஷ்டம் 277 கோடி டாலர்.

எழுத்துப் பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். மோசடிக் கடிதங்கள் ஏன் நம்ப முடியாத அளவுக்கு அசட்டுத்தனமாக இருக்கின்றன என்பது கேள்வி. சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே விலகிவிட வேண்டும், கடைசிவரை வரக்கூடியவர்கள் மட்டும் பதில் போட வேண்டும், அப்போதுதான் மோசடிக்காரரின் நேரம் வீணாகாது என்பது அவர் பதில். அது அந்தக் காலம். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அரசாங்க அதிகாரியே எழுதியதுபோல் மலாயில் கடிதம் தயார். பிழை இல்லை என்பதால் உண்மை என்று நினைப்பது ஆபத்து.

என்னைக் கேட்டால், இலக்கணத்தைவிட நல்ல அளவுகோல் ஒன்று நம் வியாபாரிகளிடமே இருக்கிறது. நம் பக்கத்தில் பேரம் பேசாத வாடிக்கையாளர் யார்? கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் சாப்பாடு சொல்ல வருகிறவர் தலைக்கு ஐம்பது காசு குறைக்க அரைமணி நேரம் நிற்பார். ருசி பார்க்க மாதிரி கேட்பார். போன மாதம் உங்கள் பந்தலில் ஒழுகியதை ஞாபகப்படுத்துவார். பள்ளித் தலைமையாசிரியர் மூன்று கொட்டேஷன் வாங்குவார். சொன்ன விலைக்குத் தலையாட்டி, ருசியைப் பற்றிக் கேட்காமல், எத்தனை மணிக்கு வரும் என்பதைவிடப் பணம் எப்படிப் போகும் என்பதிலேயே கவனமாக இருப்பவர் சாப்பாடு வாங்க வந்தவர் இல்லை.

சந்தேகம் வந்தால் சரிபார்க்க அதிக நேரமாகாது. அரசாங்க முகவரிகள் ‘கவ் டாட் மை’ என்று முடியும், ராணுவத்துக்கு ‘மில் டாட் மை’. நடுவில் ஓர் இடைக்கோடு போட்டு ‘கவ்-மை டாட் காம்’ என்று வந்தால் அதை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். ஆனால் சில பள்ளிகள் ஜிமெயிலும் பயன்படுத்துகின்றன என்பதால் முகவரியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அந்தப் பள்ளியின் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் கடிதம் எழுதியவரேதான் எடுப்பார். பக்கத்தில் இருந்தால் நேரிலேயே போய்விடலாம். கோல சிலாங்கூரில் எந்தப் பள்ளியும் மோட்டார் சைக்கிளில் போக முடியாத தூரத்தில் இல்லை.

கம்பெனி என்றால் எஸ்எஸ்எம் பதிவு எண்ணைப் பாருங்கள். 2019 முதல் நடப்பிலுள்ள 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கம் அந்த நிறுவனம் பதிவான ஆண்டு. ‘இருபது வருட அனுபவம்’ என்று சொல்கிறவரின் எண் 2025 என்று தொடங்கினால் விளக்கம் கேட்பதில் தப்பில்லை. பணம் அனுப்புமுன் டியூட்நவ் திரையில் பெறுபவரின் பெயர் வரும். கம்பெனிக்குக் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். புகார் பதிவான எண்கள் அதில் தெரியும். ஒன்றும் காட்டவில்லை என்றால் கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது, இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்றும் இருக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 997-க்கு அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண் அது. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் அதில் சேர்ந்து இயங்குகின்றன. உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கும் அழையுங்கள். போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு என்று பிரிந்துகொண்டே போகும். தடுத்து நிறுத்த வாய்ப்பு ஆரம்ப நேரத்தில்தான் அதிகம். பிறகு போலீஸ் புகார். எந்த நிலையத்திலும் செய்யலாம். மின்னஞ்சல், புலன உரையாடல், சீட்டு எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று இரண்டு நாள் மறைத்து வைப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு நாள்தான் கும்பலுக்கு வேண்டியது.

ஏமாற்றுக் குற்றத்துக்குத் தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு முதல் பத்தாண்டுவரை சிறை, பிரம்படி, அபராதம் உண்டு. ஆனால் வலையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் கும்பலின் தலைவர் இல்லை, பணம் போன கணக்கின் சொந்தக்காரர். சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் ‘நண்பனின் நண்பனுக்கு’ வாடகைக்குக் கொடுத்த இளைஞர் அவர். கணக்கை இப்படிக் கைமாற்றுவதையே தனிக் குற்றமாக்கி 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டத்திலிருந்து வெளிவந்த ஒரு குடும்பத்தின் பலகாரப் பணம், அதேபோல வெளிவந்த இன்னொரு குடும்பத்துப் பையனின் கணக்கு வழியாகப் போகிறது என்பது நடக்காத காரியம் இல்லை. வேலையில்லாமல் இருக்கும் பிள்ளை திடீரென்று “என் கணக்கில் ஒரு தொகை வரும், எடுத்துக் கொடுத்தால் இருநூறு தருவார்கள்மா” என்று சொன்னால், அம்மா அன்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் அது.

கடைசியாக லோரி. எல்லாம் பேசி முடித்து, சரக்கு கட்டி வைத்தபின் சந்தேகம் தட்டினால் என்ன செய்வது? வாசலில் வந்து நிற்கும் லோரிக்காரர் அநேகமாகச் செயலி வழி வாடகைக்கு அமர்த்தப்பட்டவராகவே இருப்பார். சரக்கு யாருடையது, எங்கே இறங்கும் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவரிடம் சண்டை போடாமல் இறக்க வேண்டிய முகவரியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முகாம், பள்ளி என்று சொன்ன ஆர்டருக்கு ஏதோ ஒரு கிடங்கோ சாலையோரமோ முகவரியாக வந்தால், அவர் வந்துபோன வாடகையைக் கொடுத்து அனுப்பிவிடலாம். சில பத்து வெள்ளிதான் ஆகும். சரக்கு வீட்டிலேயே இருக்கும், முறுக்கு என்றால் அக்கம்பக்கத்தில் விற்றுக்கொள்ளலாம்.